ஏழு வீட்டுப் பாமாயில்

ஜோவிதா பிறந்தது 1964 நவம்பர் மூன்றாம் தேதி. ஞானஸ்நானம் பெற்றது அதே மாதம் பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தகப்பனார் 1979இலும் தாயார் 1985இலும் இறந்தனர். பத்தாம் வகுப்புத் தேறியவள், கணக்கில் எழுபத்தொன்று. மணமாகவில்லை. 1991ஆம் ஆண்டு தொடங்கியபோது, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில், ஏரிக்கரையை ஒட்டிய தெருவில், அண்ணன் சின்னப்பராஜ், அண்ணி சூசையம்மாள், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் ஆகியோருடன் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தாள். சின்னப்பராஜ் 1982 மார்ச் முதல் நெடுஞ்சாலையோரத்து லாரி ஸ்ப்ரிங் கம்பெனியில் உலையடியில் வேலை செய்தான். ஒன்பது ஆண்டுகளாகியும் அவன் டெம்ப்ரவரி. இவை எவராலும் மறுக்க முடியாதவை. மறுக்கக்கூடியவை இதற்குப் பிறகுதான் வருகின்றன.

டெம்ப்ரவரி என்பதற்கு அந்தக் கம்பெனியில் இதுதான் பொருள்: ஆறு மாதம் முடிந்ததும் பத்து நாள் வீட்டுக்கு அனுப்புவார்கள்; பதினோராம் நாள் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஒன்பது ஆண்டு உலைச் சூட்டில் நின்றவன் ரிஜிஸ்டரில் எப்போதும் ஆறு மாதத்து ஆள். ஜூலை முதல் தேதி பன்னிரண்டு பேரை நிரந்தரமாக்கிப் பட்டியல் ஒட்டப்போகிறார்கள் என்று பொங்கலுக்கு முன்பே பேச்சு அடிபட்டது. ஸ்டோர் கீப்பர் ரகுபதி அந்தப் பட்டியலைக் கண்ணால் கண்டவர்.

"நாலாவது பேரு உன்னுதுதான்பா. ஒட்டுற வரிக்கும் வாய மூடிக்கினு இரு" என்று சின்னப்பராஜிடம் சொல்லியிருந்தார்.

அன்று முதல் அந்த வீட்டில் எல்லாமே ஜூலைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஓடு மாற்றுவது ஜூலைக்குப் பிறகு. மூத்தவனைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது ஜூலைக்குப் பிறகு. ஜோவிதாவுக்கு இடம் பார்ப்பதும் ஜூலைக்குப் பிறகுதான்.

அந்த ஜனவரியில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பின்கட்டில் பெண்களுக்குச் சோப்புத் தயாரிப்புப் பயிற்சி நடந்தது. காஞ்சிபுரத்திலிருந்து சுந்தராம்பாள் டீச்சர் வந்து பதினைந்து நாள் சொல்லிக்கொடுத்தார். முடிவில் ஒரு சர்ட்டிபிகேட்டும் ஒரு சைக்ளோஸ்டைல் நகல் தாளும் கிடைத்தன. தாளில் ஒரே ஒரு கணக்கு இருந்தது: தேங்காய் எண்ணெய் ஒரு கிலோ, காஸ்டிக் சோடா நூற்று எழுபது கிராம், தண்ணீர் முந்நூற்றைம்பது மில்லி. அடியில் ஒரு வரி: சோப்பு காய்ந்தபின் நாக்கு நுனியில் தொட்டுப் பார்க்கவும், சுரீரென்றால் காரம் மிச்சம் இருக்கிறது, விற்கக் கூடாது.

ஜோவிதா கணக்கில் கெட்டி. அந்தத் தாளை அவள் ஒரு எழுத்துப் பிசகாமல் பின்பற்றினாள். முதல் முறை மட்டும் காஸ்டிக்கை அலுமினியச் சட்டியில் கரைத்துவிட்டாள். சட்டி கொதித்துக் கறுத்து அடியில் ஓட்டை விழுந்தது. "என் கல்யாணச் சட்டி மே அது!" என்று சூசையம்மாள் இரண்டு நாள் முணுமுணுத்தாள். பிறகு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கினார்கள். சோப்பு வெள்ளையாக, கெட்டியாக, கிணற்று உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும்படி வந்தது.

கம்பெனியில் ஆளுக்கு மாதம் ஒரு சோப்பு கொடுப்பது வழக்கம். ஷிப்ட் முடிந்ததும் தொட்டியடியில் நின்று, கிரீஸ் ஒட்டிய கையை முதலில் மரத்தூளால் பரபரவென்று தேய்த்து, அதன் பிறகு சோப்புப் போடுவார்கள். சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த சோப்பு பாதி மண். சின்னப்பராஜ் தங்கையின் சோப்பை ரகுபதியிடம் காட்டினான். பிப்ரவரியிலிருந்து மாதாமாதம் நூற்றிருபது கட்டி என்று ரகுபதி ஒப்புக்கொண்டார். கட்டிகளை வாழைநாரில் கட்டிச் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கியவன் சின்னப்பராஜ்தான். தொட்டியடியில் ஒரே கேலி.

"இன்னாபா சின்னப்பா, என் கை மாப்ள கை மாதிரி ஆயிட்ச்சே! எம் பொண்டாட்டி சந்தேகப்படறா."

"உன் மூஞ்சிக்கும் கொஞ்சம் போட்டுப் பாரு, அவளே நம்பிடுவா."

மூன்று மாதம் அப்படி நடந்தது. அந்த மூன்று மாதத்தில்தான் ஜோவிதா எண்ணெய்களைப் பற்றித் தானாகவே கற்றுக்கொள்ளத் தொடங்கினாள். கற்றது பாதி என்பது பிறகுதான் தெரிந்தது. பத்தில் ஒரு பங்கு தேங்காய் எண்ணெயை எடுத்துவிட்டு விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்த்தாள். நுரை கையில் வழியாமல் நின்றது. அடுத்த முறை அதே ஒரு பங்குக்கு வேப்பெண்ணெய்; சோப்பு நன்றாக இருந்தது, நாற்றம்தான் வீட்டை விட்டுப் போகவில்லை. கடலை எண்ணெய் போட்டபோது கட்டி சற்று இளகலாக வந்தது. ஒவ்வொரு முறையும் எடுத்த எடைக்கு அதே எடை; காஸ்டிக் மாறாமல் நூற்று எழுபது. ஒவ்வொரு முறையும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். சுரீரென்னவில்லை. ஆகவே நோட்டில் எழுதிவைத்தாள்: எந்த எண்ணெயும் எந்த எண்ணெய்க்கும் ஈடு, நுரையும் வாசனையும்தான் வேறு. சிறிய மாற்றத்தைத் தாங்குமளவுக்குத் தாளின் கணக்கில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். அது தாளில் எழுதியிருக்கவில்லை.

மே இருபத்தொன்றாம் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நாடே அறியும். அதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. மறுநாள் முதல் கடைகள் இல்லை, பஸ் இல்லை, காஞ்சிபுரத்திலிருந்து எண்ணெய் டின் வரும் வழி இல்லை. சாலையில் போலீஸ் ஜீப்பைத் தவிர வேறு சக்கரம் உருளவில்லை. ஜூன் பத்தாம் தேதி நூற்றிருபது கட்டி கொடுத்தாக வேண்டும். சோப்பு காயப் பதினைந்து நாள் வேண்டும். அப்படியென்றால் மே இருபத்தைந்துக்குள் ஊற்றியாக வேண்டும்.

"ஒரு மாசம் இல்லன்னு சொல்லிடலாமேண்ணா" என்றாள் ஜோவிதா.

சின்னப்பராஜ் சுவரில் மாட்டியிருந்த மாதா காலண்டரைப் பார்த்தபடி சொன்னான்: "எப்ப வோணா சொல்லலாம் ஜோவி, இந்த மாசம் வோணாம். ரகுபதி சார் நமக்காவ மேனேஜர் கிட்ட பேசிக்கினு கீறாரு. அவர தலகுனிய வெக்கக் கூடாது."

காஸ்டிக் இருந்தது. எண்ணெய்தான் இல்லை. சூசையம்மாள்தான் வழி சொன்னாள். ஒவ்வொரு வீட்டிலும் அந்த மாதத்து ரேஷன் பாமாயில் இருந்தது. பாதிப் பேருக்கு அந்த வாடையே பிடிக்காது. அவள் தெருவில் இறங்கி, தேங்காய் எண்ணெய் வந்ததும் திருப்பித் தருவதாகச் சொல்லி, ஏழு வீட்டுப் பாமாயிலை வாங்கி வந்தாள். எட்டுக் கிலோ தேறியது. ஜோவிதா நோட்டைத் திறந்து தன் கையெழுத்தைப் பார்த்தாள். எந்த எண்ணெயும் எந்த எண்ணெய்க்கும் ஈடு. கிலோவுக்கு நூற்று எழுபது கிராம் வீதம் காஸ்டிக்கை நிறுத்துக் கரைத்து, மே இருபத்தைந்தாம் தேதி காலையில் ஊற்றி முடித்தாள்.

கட்டிகள் கல் மாதிரி இறுகின. பாமாயில் இவ்வளவு கெட்டியாக வருமா என்று அவளுக்கே மகிழ்ச்சி. வெட்டும்போது ஓரம் பொடிந்து உடைந்தது. கத்தியைக் குறை சொன்னார்கள். இரண்டு நாளில் மேலே மாவு போல வெள்ளை பூத்தது. சூசையம்மாள் ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தாள். ஐந்தாம் நாள் ஜோவிதா பொறுக்காமல் நாக்கில் வைத்தாள். சுருக்கென்று பிடித்து இழுத்தது. ஐந்தாம் நாள் எந்தச் சோப்பும் சுடத்தான் செய்யும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஆகவே அதை அவள் பொருட்படுத்தவில்லை. ஆனால் நாக்கு நுனியில் கொப்புளம் கண்டுவிட்டது. அது ஆறுவதற்குள் அடுத்த நாளும் தொட்டாள், அதற்கடுத்த நாளும் தொட்டாள். ஜூன் ஒன்பதாம் தேதி வந்தபோது அவளுக்குக் கஞ்சியில் போட்ட உப்பே எரிந்தது. சுடுவது சோப்பா, தன் புண்ணா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

சூசையம்மாள் அம்மியடியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். பதினாலு வயதிலிருந்து போடுகிறவள். சுண்ணாம்பை வெற்றிலையில் தடவியது போக, விரலில் மிச்சம் இருப்பதை நாக்கில் இழுத்துக்கொள்வது அவள் வழக்கம். மற்றவர்கள் செய்தால் வாய் வெந்துபோகும்.

"அண்ணி, இத்தக் கொஞ்சம் நாக்குல வெச்சிப் பாரேன். எனுக்கு ஒண்ணும் புரியல."

சூசையம்மாள் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு மூன்று கட்டிகளை எடுத்து நக்கிப் பார்த்தாள்.

"சப்புனு கீது. சும்மா சும்மா நக்கிக்கினு இருந்தா நாக்கு இன்னாத்துக்கு ஆவும்? போய் மோரு குடி மே."

மறுநாள் காலை சின்னப்பராஜ் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான்.

முதல் நாள் எரிச்சலை ஒருவரும் பெரிதாக எண்ணவில்லை. உலையடி ஆட்களுக்கு எரிச்சல் புதிதல்ல. இரண்டாம் நாள் மரத்தூள் கீறிய இடமெல்லாம் சிவந்தது. விரலிடுக்கில் தோல் உரிந்தது. மூன்றாம் நாள் காலை நாற்பத்தொரு பேர் கையை விரித்துக் காட்டிக்கொண்டு லைனில் ஏறாமல் நின்றார்கள். சூப்பர்வைசர் பலராமனின் இரண்டு உள்ளங்கையிலும் கட்டு.

"டேய் சின்னப்பா, உன் தங்கச்சி சோப்பு காச்சிச்சா, சுண்ணாம்புக் காளவா வெச்சிச்சா?" என்றார் அவர்.

அதற்குச் சிரித்தவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் கட்டிகளைத் தொட்டிக்கு அப்பால் வீசினார்கள். சின்னப்பராஜ் வீசவில்லை. அன்று மாலையும் மறுநாள் மாலையும், எல்லோரும் பார்க்கும்படி, அந்தச் சோப்பையே போட்டு முழங்கை வரை கழுவினான். ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக அப்படிச் செய்தான். தோல் உரிந்து சதை தெரிந்தபோதும் நிறுத்தவில்லை.

அரை நாள் வேலை நின்றதற்கு மேனேஜர் காரணம் கேட்டார். ரகுபதி தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. "சின்னப்பராஜ் நச்சரிச்சான் சார், அதான் வாங்கினேன்" என்றார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர், அதைக் குறித்துவைப்பது அவரைக் குறை சொல்வதற்காக அல்ல.

அன்று சின்னப்பராஜ் வீட்டுக்கு வந்து, இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஜோவிதா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தாள். அவன் கையை நீட்டவில்லை.

"நாக்குல வெச்சிப் பாத்தியா?"

ஜோவிதா அண்ணியைப் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் சூசையம்மாள் முந்திக்கொண்டாள்.

"நான் இன்னாத்தக் கண்டேன்? படிச்சவ அவ. சர்ட்டிபிகேட்டு அவ கையிலதான் கீது. எண்ண கேட்டா, வாங்கியாந்து குட்த்தேன். அத்தோட செரி."

"நான் உன்னக் கேக்கல. ஜோவி, பாத்தியா, பாக்கலியா?"

அந்த நேரத்தில் ஜோவிதாவுக்கு எதுவுமே நிச்சயமில்லை. அண்ணி பொய் சொல்கிறாளா, அன்று சோப்பு நிஜமாகவே சப்பென்று இருந்து பிறகு கெட்டதா, தன் நாக்கில் இருந்தது புண்ணா, எச்சரிக்கையா? தனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னாள்.

"பாத்தேண்ணா. சுட்டுது."

"சுட்டுதா? சுட்டுதுன்னு தெரிஞ்சேதான் என் சைக்கிள்ல ஏத்துனியா?"

அவள் சொல்ல வந்தது அதுவல்ல. ஆனால் அவன் காதில் விழுந்தது அதுதான்.

"இனிமே உன் கையால இந்த வூட்டுல ஒரு வாய்த் தண்ணி வாங்க மாட்டேன்" என்றான். குரலை உயர்த்தவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைச் சூசையம்மாள் வாங்கி அவன் கையில் தடவினாள்.

ஜூலை முதல் தேதி பட்டியல் ஒட்டினார்கள். நான்காவது இடத்தில் வேறொருவன் பெயர் இருந்தது. சின்னப்பராஜின் பெயர் எங்குமே இல்லை. அவனை வேலையை விட்டு நீக்கவில்லை. அப்படி நீக்கியிருந்தால் வேறெங்காவது போயிருப்பான். வழக்கம்போலப் பத்து நாள் வீட்டுக்கு அனுப்பிப் பதினோராம் நாள் புது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஏழு வீட்டுக்கும் எண்ணெயைத் திருப்பிக் கொடுத்த பிறகு, ஆகஸ்டில் ஜோவிதா காஞ்சிபுரம் போய்ச் சுந்தராம்பாள் டீச்சரைத் தேடிப் பிடித்தாள். நடந்ததைக் கேட்டதும் டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஐயையோ! எண்ணெய் மாறினா காஸ்டிக் மாறும்மா. ஒவ்வொரு எண்ணெயும் ஒவ்வொரு அளவுதான் குடிக்கும். அதுக்குத் தனியா ஒரு பட்டியலே இருக்கு."

"எங்களுக்கு நீங்க அத்த சொல்லவேயில்லியே டீச்சர்."

டீச்சர் பீரோவைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். "அது முப்பது நாள் பயிற்சிம்மா. பட்டியல் பதினெட்டாவது நாள் பாடம். உங்க பேட்ச்சுக்குப் பாதிப் பணம்தான் வந்தது. பதினைஞ்சு நாளில் முடிக்கச் சொல்லிட்டாங்க. சர்ட்டிபிகேட் மட்டும் முழுசாக் கொடுத்துட்டோம்."

தேங்காய் எண்ணெய் நூற்று எழுபது. வேப்பெண்ணெய் நூற்று இருபத்தெட்டு. கடலை எண்ணெய் நூற்று இருபத்தாறு. விளக்கெண்ணெய் நூற்றுப் பத்தொன்பது. பாமாயில் நூற்று முப்பத்தொன்று. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் கழித்துப் பார்த்தாள்: கிலோவுக்கு முப்பத்தொன்பது கிராம் அதிகம். அவ்வளவு காரம் பதினைந்து நாளில் எங்கும் போயிருக்க முடியாது. அப்படியானால் ஜூன் ஒன்பதாம் தேதி அது கட்டிக்குள் இருந்தே தீர வேண்டும். அண்ணி நக்கியபோதும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், பரண்மேல் ஒதுக்கி வைத்திருந்த நான்கைந்து கட்டிகளில் ஒன்றை எடுத்தாள். நடுவில் உடைத்து உள்பக்கத்தை நாக்கில் தொட்டாள். அவள் நாக்கு ஆறி ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. டார்ச் பேட்டரியை நக்கியது போல் இழுத்தது. இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டு அம்மியடிக்குப் போனாள்.

"அண்ணி, வேற எண்ணயில புதுசா போட்டேன். பாத்து சொல்லு."

சூசையம்மாளின் கன்னத்தில் வெற்றிலை இருந்தது. துண்டை வாங்கி நக்கினாள். ஒரு முறைக்கு இரண்டு முறை நக்கினாள்.

"நல்லாத்தானே கீது? சப்புனு கீது. இத்தப் போயி…"

ஜோவிதாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கையிலிருந்த துண்டைத் திருப்பிப் பார்த்தாள். அதன் ஓரத்தில் பூத்திருந்த வெள்ளை, தான் ஈரத்துணியால் துடைத்த அதே வெள்ளைதான். நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல விரல் நுனிச் சுண்ணாம்பைப் புடவையில் துடைத்தாள்.

"நான் வோணும்னு சொல்லல ஜோவி. சத்தியமா என் நாக்குக்கு ஒண்ணும் தெரியல."

"தெரியும் அண்ணி."

"அவரு கிட்ட சொல்லிடாத. உன்னாண்ட கோவம் நாலு நாளு இருக்கும், போயிடும். கூடப் பொறந்தவ நீ. நான் அப்பிடியா?"

அந்த வீட்டில் சோறாக்கும் கைகள் இரண்டு பேருடையவை. ஒருத்தியின் கை ஏற்கெனவே விலக்கப்பட்டிருந்தது. மற்றதையும் அவன் விலக்கினால் அந்தப் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? இதைத்தான் ஜோவிதா அன்று எண்ணியதாகப் பிறகு சொன்னாள். வேறு காரணமும் இருந்திருக்கலாம். எதுவாயினும் அவள் சொல்லவில்லை. துண்டை வாங்கிக் கிணற்றடிக்கு அப்பால் குழி தோண்டிப் புதைத்தாள். மிச்சக் கட்டிகளையும் அதிலேயே போட்டு மூடினாள்.

கோபம் நாலு நாளில் போகவில்லை. அவள் வைத்த குழம்பை அவன் தொடவில்லை. அவள் கொண்டுவந்த தண்ணீர்க் குடத்திலிருந்து மொள்ளவில்லை. கிறிஸ்மஸுக்கு முன் ஜோவிதா குன்றத்தூரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே டீச்சரின் பட்டியலைச் சுவரில் ஒட்டிவைத்து, சிறு சிறு ஊற்றலாகப் போட்டுப் பார்த்து, எந்த எண்ணெய்க்கு எந்த எண்ணெயை எவ்வளவு மாற்றலாம், மாற்றினால் காஸ்டிக்கை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஒன்றுவிடாமல் எழுதினாள். இலுப்பை எண்ணெய் வரை அந்த நோட்டில் உண்டு. அவள் சோப்பால் அதன் பிறகு ஒருவர் கையும் எரிந்ததில்லை. அந்த ஊர்க் கோயில் மலைப் படிக்கட்டருகே விற்றாள்; மூன்று தெருப் பெண்களுக்குக் கற்றும் கொடுத்தாள். அவர்களிடம் முதல் நாளே பட்டியலைக் கொடுத்துவிடுவாள்; நாக்குச் சோதனைக்கு வெற்றிலை போடுகிறவர்களை விடமாட்டாள். ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டாள்.

நாலைந்து ஆண்டு கழித்து இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வந்தது. நாற்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த டெம்ப்ரவரியை அங்கே யாரும் எடுக்கவில்லை. சின்னப்பராஜ் அதே உலையடியில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது ஆளாகச் சேர்ந்துகொண்டே இருந்தான். தங்கை வீட்டுக்கு அவன் ஒருமுறைதான் வந்தான், மூத்த மகன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க. அவள் காப்பி கொண்டுவந்தபோது, "இப்பதான் குட்ச்சேன்" என்றான். கல்யாணத்தில் சூசையம்மாள் ஜோவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

ஸ்ப்ரிங் கம்பெனி மூடப்பட்டது. நிரந்தர ஆட்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. சின்னப்பராஜுக்குக் கொடுத்த தாளில் பணிக்காலம் ஐந்து மாதம் என்று இருந்தது. அவன் அங்கே வேலை செய்தது 1982 மார்ச் முதல் 2004 மார்ச் வரை.

இருபத்திரண்டு ஆண்டுகள்.